எங்க பேர்லதான்

முதலாளி என்று அவனைக் கூப்பிடுவதெல்லாம் கிண்டலுக்குத்தான். உண்மையான முதலாளி வேறொருவர். மாதத்துக்கு ஒருமுறை வந்து சோபாக்களின் கைப்பிடியில் விரலை ஓட்டித் தூசி பார்த்துவிட்டுப் போகிறவர். இவன் அந்தப் பர்னிச்சர் கடையில் கமிஷனுக்குக் கட்டிலும் பீரோவும் விற்கிறவன். மதியம் மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு, விற்பனைக்கு வைத்த மெத்தையிலேயே கொஞ்சம் கண்ணயர்வார்கள். இவன் மட்டும் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு, வாடகை வருமானத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி என்று ஒரு தாடிக்காரன் யூடியூபில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான். "இன்னும் அஞ்சு வருஷம். அப்புறம் இந்தக் கடைக்கு நான் சாமான் வாங்கத்தான் வருவேன்," என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லியும் தொலைத்தான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். லாரியில் பீரோ ஏற்றுகிற ஆட்கள்கூட, "முதலாளி, அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க," என்பார்கள். அவனும் பிடிப்பான். கிண்டல் என்று தெரியும். தெரிந்தும் அந்தப் பெயர் அவனுக்குப் பிடித்திருந்தது.

அவனுக்கென்று இருந்ததெல்லாம் பாதி வீடு. அம்மா சாவதற்கு முன் வீட்டைப் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் சரிபாதியாக எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தாள். மாடியில் இவனும் மனைவியும் பள்ளிக்கூடம் போகும் மகளும் இருந்தார்கள். கீழே அக்கா. கல்யாணமான இரண்டாவது வருடமே, அந்த ஆளோடு இனி ஒரு நாள்கூட முடியாது என்று பெட்டியோடு திரும்பி வந்தவள். வந்தவள் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. வாசல் அறையில் ஒரு கண்ணாடியையும் ஒரு சுழல் நாற்காலியையும் போட்டு, பெண்களுக்கு முடி வெட்டும் கடை திறந்துவிட்டாள். இப்போது அந்தத் தெருவில் பாதிப் பெண்களின் தலை அவள் கையில்தான் இருந்தது.

அக்காவுக்கும் அவன் மனைவிக்கும் ஒத்தே வராது. வீட்டுக்கு ஒரே மின்சார மீட்டர். கீழே முடி உலர்த்தும் மெஷின் ஓடுகிற ஓட்டத்துக்கு மேலே நாம் ஏன் பில் கட்ட வேண்டும் என்று மனைவி ஒருநாள் கேட்டாள். மேலே துணி துவைக்கிற மெஷின் காற்றிலா சுற்றுகிறது என்று அக்கா திருப்பிக் கேட்டாள். அதோடு பேச்சு நின்றது. அப்புறம் எல்லாம் இவன் வழியாகத்தான். "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, குப்பை வாளியை என் கடை வாசல்ல வெக்க வேணாம்னு." "உங்க அக்காகிட்ட சொல்லுங்க, வெட்டின முடி காத்துல பறந்து மாடி வரைக்கும் வருதுன்னு." இவன் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, இரண்டு பக்கமும் எதையும் சொல்லாமல் கடைக்குக் கிளம்பிவிடுவான்.

"உங்கள் வீட்டுச் சுவருக்குள் பணம் படுத்துத் தூங்குகிறது, அதை எழுப்பி வேலைக்கு அனுப்புங்கள்" என்று தாடிக்காரன் சொன்ன அன்றுதான் இவனுக்குத் தூக்கம் போயிற்று. விஷயம் இதுதான். வீட்டின் மேல் ஒரு பைசா கடன் இல்லை. அப்பா கட்டிய காலத்தில் ஊருக்கு வெளியே இருந்த இடம் இன்று ஊருக்கு நடுவே வந்துவிட்டது. மதிப்பு பல மடங்கு ஏறிக் கிடந்தது. அந்த மதிப்பில் பாதிக்கு மேல் பேங்க்கில் கடன் கொடுப்பார்கள். அதை முன்பணமாகக் கட்டினால், புறவழிச்சாலையில் எழும்பிக்கொண்டிருக்கும் புது அடுக்குமாடியில் ஒன்றல்ல, இரண்டு ஃப்ளாட் பிடிக்கலாம். மிச்சத்துக்கு அந்த ஃப்ளாட்டுகளையே அடமானம் வைத்து இன்னொரு கடன். இரண்டையும் வாடகைக்கு விட்டால், வருகிற வாடகையே இரண்டு கடனுக்கும் தவணை கட்டிவிடும். கடன் தீர்கிற அன்று இரண்டு ஃப்ளாட்டும் சொந்தம். வாடகைக்கு ஆள் வராமல் தவணை நின்றுபோனால், பேங்க்காரன் முதலில் வந்து நிற்பது இப்போது குடியிருக்கும் வீட்டு வாசலில்தான் என்பதையும் தாடிக்காரன் சொல்லத்தான் செய்தான். கடைசியில், குரலைத் தாழ்த்தி. அந்த இடம் வரும்போதெல்லாம் முதலாளிக்குச் சரியாக ஒரு வாடிக்கையாளர் வந்துவிடுவார்.

இடைஞ்சல் ஒன்றுதான். வீடு இருவர் பெயரில் இருந்ததால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா போடுவாளா என்று தெரிந்துகொள்ளும் முன்பே, மனைவி தன் ஆபீஸில் கடன் வாங்கி இரண்டு ஃப்ளாட்டுக்கும் முன்பதிவுப் பணம் கட்டிவிட்டாள். அடுத்த மாதக் கடைசிக்குள் முன்பணத்தைக் கட்டாவிட்டால் அந்தப் பணம் போனது போனதுதான். அவள் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். அப்படிப்பட்டவளே துணிந்துவிட்டாள் என்றால் இதில் தப்பு இருக்க முடியாது என்று இவன் மனதைத் தேற்றிக்கொண்டான்.

"ஃப்ளாட் ரெண்டும் நம்ம ரெண்டு பேர் பேர்லதான் வாங்கறோம்," என்றாள் மனைவி, அடுப்பைத் துடைத்துக்கொண்டே.

"அக்கா பேரு?"

"அவங்களுக்கு எதுக்கு? புள்ளையா குட்டியா? இந்த வீட்டுல பாதி இருக்கில்ல, அது போதாதா?"

"கையெழுத்து அவளும்தானே போடணும்."

"போடுவாங்க. பேசற விதத்துல பேசினா போடுவாங்க." துணியைப் பிழிந்து போட்டுவிட்டு அவன் முன்னால் வந்து நின்றாள். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. உங்க அக்காகிட்ட பேசும்போது 'எங்க ஃப்ளாட்', 'எங்க லோன்'னு ஒரு வார்த்தை உங்க வாயில வரக்கூடாது. எல்லாமே 'நம்ம'தான். நம்ம ஃப்ளாட், நம்ம குடும்பம், நம்ம எதிர்காலம். எங்கே, ஒரு தடவை சொல்லுங்க பாப்போம்."

"நம்ம ஃப்ளாட், அக்கா," என்று சொல்லிப் பார்த்தான் முதலாளி.

அவனுக்கு இது புதிதில்லை. தொழிலே அதுதான். "நம்ம ஹாலுக்கு இந்தக் கலர் சோபா எடுப்பா இருக்கும் மேடம்," என்று, வாசலைக்கூடப் பார்த்திராத வீட்டின் ஹாலை நம்ம ஹாலாக்கி விற்கிறவன். யாரோ ஒருத்தியிடம் சொல்ல முடிந்ததைக் கூடப் பிறந்தவளிடம் சொல்ல முடியாதா என்ன? கொஞ்சம் உறுத்தியது. மாடிப்படி இறங்கி முடிப்பதற்குள் அந்த உறுத்தலும் போய்விட்டது.

அக்கா சீப்புகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர்கள் யாரும் இல்லை. அவன் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து அரைச்சுற்று சுற்றினான்.

"காலைத் தரையில வெச்சு உட்காரு. போன வாரம்தான் அதுக்கு எண்ணெய் போட்டேன்," என்றாள். "என்ன வேணும்?"

"உன்னைப் பாக்க வரக்கூடாதாக்கா?"

"வேலை நாள்ல, பட்டப்பகல்ல? காதுல பூ சுத்தாத. விஷயத்தைச் சொல்லுடா."

சொன்னான். நம்ம வீடு சும்மா நிற்கிறது என்று ஆரம்பித்தான்.

"சும்மாவா நிக்குது? எனக்குச் சோறு போடுது. உனக்கு வாடகை இல்லாம கூரை போடுது. இதுக்கு மேல அது என்னடா வேலை செய்யணும்?"

"அதில்லைக்கா. நம்ம ரெண்டு பேரும் காலம் பூரா இப்படியே கையை நம்பியே இருக்க முடியுமா? உனக்கு முட்டி வலி வருது. நாள் பூரா நின்னுட்டே வெட்டற. நாளைக்கு நிக்க முடியலன்னா?"

முட்டி வலி நல்ல இடத்தில் பட்டது. அக்கா ஒரு சீப்பை எடுத்துப் பல்லுக்குப் பல் தேய்த்தாள். அவன் விடவில்லை. நம்ம குடும்பம், நம்ம ஃப்ளாட், நம்ம வாடகை என்று மூச்சு விடாமல் அடுக்கினான். அவள் சந்தேகமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆள் வராவிட்டால் என்ன ஆகும் என்றாள், வரும் என்றான். வட்டி ஏறினால் என்றாள், வாடகையும் ஏறும் என்றான். கடன் கட்ட முடியாவிட்டால் எந்த வீட்டைப் பிடுங்குவார்கள் என்று கேட்டபோது மட்டும், "நல்ல காரியம் பேசும்போது ஏன்கா அபசகுனமா பேசற," என்று சமாளித்தான். கடைசியில் அவன் பையிலிருந்து கட்டடத்தின் வண்ணப்படம் போட்ட தாளை எடுத்து நீட்டினான். அவள் ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அதை வாங்கிப் பார்த்தாள்.

"நம்மளோடது எந்த மாடி?"

"ஆறாவது. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல."

"பால்கனி இருக்கா?"

"இருக்கு. ரெண்டுலயும் இருக்கு."

"லிப்ட்டு?"

"எல்லாம் இருக்குக்கா."

அவள் அந்தத் தாளை மடிக்கவில்லை. கண்ணாடியின் ஓரச் சட்டத்தில் சொருகிவைத்தாள், நாற்காலியில் உட்காருகிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. "சரி. பேங்க்லேருந்து ஆளை வரச் சொல்லு. கேக்க வேண்டியதைக் கேட்டுக்கறேன்," என்றாள். அவளுடைய முகத்தில் ஒரு மலர்ச்சி தெரிந்தது. அதைப் பார்த்ததும் முதலாளிக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இவளை யார் ஆசைப்படச் சொன்னது? கையெழுத்து கேட்டால் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே. பால்கனி என்ன, லிப்ட் என்ன.

அடுத்த வாரம் பூராவும் கீழேயிருந்து ஒரே செய்திதான் மேலே வந்தது. முடி வெட்டிக்கொண்ட பெண்கள் படியில் இவனைப் பார்த்தால், "உங்க அக்கா ஃப்ளாட் வாங்குறாங்களாமே," என்றார்கள். இவன் சிரித்துவைத்தான். மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "கண்ணாடியில படமெல்லாம் ஒட்டியாச்சு போலிருக்கு. ஊர் பூரா தம்பட்டம் அடிச்சா நாளைக்கு இல்லன்னு சொல்ல நமக்குத்தான் கஷ்டம்," என்று பல்லைக் கடித்தாள். கையெழுத்து ஆகும் வரை வாயைத் திறக்காதே என்று இவன் கெஞ்சினான்.

பேங்க்கிலிருந்து வந்தவள் இளம்பெண். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் கனமான பை. வீட்டைச் சுற்றி வந்து அளந்தாள், போட்டோ எடுத்தாள், மாடித் தண்ணீர்த் தொட்டியைக்கூட விடவில்லை. மதிப்பை எவ்வளவு ஏற்றிப் போட முடியுமோ போடுங்கள் என்று முதலாளி பின்னாலேயே நடந்து கெஞ்சினான். ஹாலின் தரை பளிங்கு என்றான், கதவெல்லாம் பழைய காலத்துத் தேக்கு என்றான், இந்தத் தெருவில் விலை எங்கேயோ போய்விட்டது என்றான். கட்டில் விற்ற அனுபவமெல்லாம் அன்று கைகொடுத்தது. அவள் போட்ட தொகையைக் கேட்டதும் அவனுக்கே தலை சுற்றியது.

கடைசியாக, கூட்டு உரிமையாளரிடம் பேச வேண்டும் என்று அவள் கீழே முடிவெட்டும் அறைக்கு வந்தாள். அக்கா ஒரு வாடிக்கையாளருக்கு முடி உலர்த்திக்கொண்டிருந்தாள். மெஷின் காதைக் கிழித்தது. மனைவி வாசலுக்கு வெளியே, உள்ளே வராமல், ஆனால் ஒரு வார்த்தையும் தப்பாத இடத்தில் நின்றாள்.

பேங்க் பெண் மடியில் காகிதங்களை விரித்துக்கொண்டாள். "சார், வாங்கப் போற ஃப்ளாட் ரெண்டும் யார் பேர்ல ரிஜிஸ்டர் ஆகுது?"

இந்தக் கேள்வியை எதிர்பார்த்து அவன் நடுங்கிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் பதில் தானாக வந்து விழுந்தது. "எங்க பேர்லதான் மேடம்," என்றான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நல்ல பதில் என்று அவனுக்கே புரிந்தது. வெளியாளிடம் 'நம்ம' என்று சொன்னால், பேங்க்காரியையும் சேர்த்துக்கொண்டது போல ஆகிவிடும். 'எங்க' என்றால் போதும். அதில் அக்கா இருப்பதாக அக்கா நினைத்துக்கொள்ளலாம்; மனைவி மட்டும் இருப்பதாக மனைவி நினைத்துக்கொள்ளலாம். பொய்யும் சொன்னதாக ஆகாது. பாடாய்ப்படுத்திய கேள்வியை ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டோம் என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். வெளியே நின்ற மனைவியைப் பார்த்துப் புருவத்தைக்கூட உயர்த்தினான்.

அக்கா மெஷினை நிறுத்தினாள். அறை திடீரென்று அமைதியாயிற்று.

"என்னடா சொன்ன? இந்தச் சத்தத்துல கேக்கல. யார் பேர்ல?"

அவள் கேட்டது நிஜமாகவே காதில் விழாததால்தான். அவள் முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அவள் பக்கம் திரும்பினான். நல்ல பதில் இன்னும் நாக்கிலேயே இருந்தது. அதையே திருப்பிச் சொன்னான்.

"எங்க பேர்லதான்கா."

சொல்லி முடித்த பிறகு, பற்களுக்கு நடுவே அந்த வார்த்தையைக் கடித்து நிறுத்த முடியுமா என்று பார்ப்பவன் போல வாயை மூடினான். இனி மூடி என்ன பயன்? பேங்க்காரியிடம் சொன்ன அதே வார்த்தைதான், ஓர் எழுத்து மாறவில்லை. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னபோது அது அக்காவை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது. இதற்கு விளக்கம் வேண்டாம். பேசக் கற்றுக்கொண்ட குழந்தைக்கே தெரியும், யாரிடம் 'நம்ம' சொல்வது, யாரிடம் 'எங்க' சொல்வது என்று.

நாற்காலியில் இருந்த வாடிக்கையாளர் குனிந்து தன் நகங்களைப் பார்க்க ஆரம்பித்தாள். வெளியே மனைவி நெற்றியில் கையை வைத்தாள்.

"அப்ப நான் எங்கடா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா… நான் சொல்ல வந்தது… நம்ம பேர்லன்னுதான்…"

"நான் கேட்டது அது இல்ல. ஃப்ளாட் பத்திரத்துல என் பேர் இருக்கா, இல்லையா?"

"முதல்ல ரெண்டு பேர் பேர்ல வாங்கிட்டு, அப்புறமா…"

"எந்த ரெண்டு பேர்?"

அவன் வாசலைப் பார்த்தான். அக்காவும் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் மட்டும் மேலே போயிற்று.

"அதாவது, வீட்டை அடமானம் வெக்கும்போது என் பாதியும் வேணும். ஃப்ளாட் வரும்போது நான் வேணாம். கடனுக்கு நான் நம்ம, வரவுக்கு நான் யாரோ. அப்படித்தானே?"

"பெரிய வார்த்தையெல்லாம் பேசாதக்கா. உனக்கு நான் என்ன செய்யாம விட்டேன்? உனக்கு யாரு இருக்கா? கடைசி காலத்துல எங்க கையைத்தானே எதிர்பார்க்கணும்?"

மறுபடியும் எங்க. இந்தத் தடவை அவன் தெரிந்தேதான் சொன்னான். மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற ஆங்காரம் வந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் தன்னைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்கிறாளே என்று அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவளை அழவைத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

அக்கா அழவில்லை. சீப்பை மேசைமேல் வைத்தாள். கண்ணாடிச் சட்டத்திலிருந்து அந்தப் படத்தை உருவி அவன் மடியில் போட்டாள். பிறகு பேங்க் பெண்ணைப் பார்த்து, விலை விசாரிப்பவளின் சாதாரணக் குரலில் கேட்டாள்.

"ஏம்மா, இந்த வீட்டுல இவன் பாதியை நான் வாங்கிக்கணும்னா, அதுக்கு லோன் குடுப்பீங்களா?"

பேங்க் பெண் ஒரு நொடி முதலாளியைப் பார்த்தாள். ஒரு நொடிதான். அவளுக்குக் கடன் யாருக்குப் போனால் என்ன. "குடுப்போம் மேடம். பங்கு வாங்கறதுக்குன்னே லோன் இருக்கு. மொத்த வீட்டையும் அடமானமா எடுத்துப்போம். மதிப்பு சார் புண்ணியத்துல நல்லாவே வந்திருக்கு. உங்களுக்கு வருமானத்துக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா?"

"கடை திறந்த வருஷத்துலேருந்து வரி கட்டறேன். ஒரு வருஷம் விட்டதில்ல."

"அப்ப பிரச்சினையே இல்ல," என்று அவள் பையிலிருந்து வேறொரு விண்ணப்பத்தை எடுத்தாள். முதலாளி மடியில் கிடந்த ஆறாவது மாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இப்படி ஒரு கடன் இருப்பதைத் தாடிக்காரன் சொன்னதே இல்லை.

அன்றைக்கு மாடியில் நடந்த சண்டை தெருக்கோடி வரை கேட்டிருக்கும். "ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்தேன். அதைக்கூட வெச்சுக்கத் தெரியல உங்க வாய்க்கு," என்றாள் மனைவி. அக்கா பேரையும் சேர்த்திருந்தால் இந்த வினையே இல்லை என்று இவன் கத்தினான். சேர்த்துக்கச் சொல்லி அன்றைக்கே சொல்வதுதானே, உங்க வாயை நானா கட்டிப்போட்டேன், ஒரே ஒரு வார்த்தையைத்தானே சொல்ல வேணாம்னு சொன்னேன் என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். மகள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினாள்.

இவன் கீழே போய் மிரட்டிப் பார்த்தான். என் பாதியை விற்க மாட்டேன் என்றான். விற்காதே, உட்கார்ந்திரு, ஆனால் என் கையெழுத்து உனக்குக் கிடையாது என்றாள் அக்கா. கோர்ட்டுக்குப் போய் வீட்டை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பேன் என்றான்.

"தாராளமா போ. கேஸ் முடியறதுக்குள்ள உன் ஃப்ளாட்டை எவனாவது வாங்கிக் குடித்தனமே வந்துடுவான். உன் பொண்டாட்டி ஆபீஸ்ல வாங்கின கடனை யார் கட்டுவா?"

அது எப்படி அவளுக்குத் தெரியும் என்று அவன் முழித்தான். மாடியில் கத்தினால் கீழே கேட்காதா? "நல்லா இருக்க மாட்ட," என்று சாபம் மாதிரி சொன்னான். சொந்த அக்காவை. அவள் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. "கதவைச் சாத்திட்டுப் போடா, தூசி வருது," என்றாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் வாழ்ந்ததை வாழ்க்கை என்று சொல்ல முடியாது. இவன் வேண்டுமென்றே வண்டியைக் கடை வாசலில் நிறுத்தினான். அவள் வாடிக்கையாளர்களைப் பின்பக்கமாக வரச் சொல்லி வேலையைப் பார்த்தாள். இவன் மாடியில் கட்டிலை இழுத்து இழுத்துச் சத்தம் செய்தான். அவள் மெஷினை ஓடவிட்டாள். உறவினர்களுக்கெல்லாம் போன் போட்டு, அக்கா வீட்டைப் பிடுங்கப் பார்க்கிறாள் என்று அழுதான். எல்லாரும் முழுவதும் கேட்டுவிட்டு, ஃப்ளாட் யார் பேரில் என்று ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

மாதக் கடைசி நெருங்கியதும் இறங்கிவந்தவள் மனைவிதான். வருடக்கணக்கில் மூடியிருந்த பேச்சை அவளே திறந்தாள். இவனையும் கூட்டிக்கொண்டு முடிவெட்டும் அறைக்குள் நேராகப் போய், "அண்ணி, விலையைப் பேசிடுவோம்," என்றாள். பேங்க் பெண் போட்ட மதிப்பு அப்படியே இருந்தது. இவன் பளிங்கையும் தேக்கையும் காட்டி ஏற்றிய மதிப்பு. அதில் பாதி. அக்கா ஒரு பைசா குறைத்துக் கேட்கவில்லை, கூட்டியும் கொடுக்கவில்லை. ஆனால் பங்கைக் கைமாற்றும் செலவு, ஆபீஸ் கடன், இது அது என்று எல்லாம் கழித்தபோது, இரண்டு ஃப்ளாட்டுக்கு நடக்காது என்று மனைவி கணக்குப் போட்டுச் சொன்னாள். ஒன்றுதான். அதுவும் கட்டிமுடிக்க இன்னும் ஒன்றரை வருடம் ஆகும். அதுவரை எங்கே இருப்பது?

"மேல் வீட்டை எப்படியும் வாடகைக்குத்தான் விடப் போறேன்," என்றாள் அக்கா. "லோன் தவணை கட்டணுமே."

"எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?"

அக்கா சொன்னாள். அது தவணைத் தொகை என்று மனைவிக்கு உடனே புரிந்திருக்கும். கணக்கு எழுதுகிறவள் அல்லவா.

"பக்கத்துத் தெருவுல இதே அளவு வீடு இதைவிடக் கம்மிக்குக் கிடைக்குது அண்ணி."

"அங்க பாத்துக்கோ."

"பொண்ணுக்கு ஸ்கூல் இங்கேருந்துதான் பக்கம். சரி, அட்வான்ஸைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க."

"அதைப் பண்ணலாம்."

இரண்டு பேரும் அவ்வளவு சுமுகமாகப் பேசி அவன் பார்த்ததே இல்லை. இவன் ஒருத்தன் நடுவில் உட்கார்ந்திருப்பதை இருவரும் மறந்துவிட்டார்கள்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் அவன் தன் பாதியை அக்காவுக்கு எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டான். தாடிக்காரன் பேச்சைக் கேட்பதை அவன் எப்போதோ நிறுத்தியிருந்தான். அக்கா தன் இடங்களில் எல்லாம் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டாள். முடிந்ததும் ஒரு வாடிக்கையாளர் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். இவன் மேல் கோபம் இருந்தால் திட்டியிருப்பாள். அவன் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தான். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தால் இவனும் நாலு வார்த்தை கேட்டிருப்பான், அதோடு எல்லாம் தீர்ந்திருக்கும் என்று நினைத்தான்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அந்த வாரக் கடைசியில் கீழே போனார்கள். அக்கா காகிதங்களை நாற்காலியின் முன்னால் உள்ள மேசையில் வைத்திருந்தாள். மனைவி எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று மேலே போய்விட்டாள். முதலாளியும் போட்டான். போட்டுவிட்டு எழுந்து போகாமல் நின்றான். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. தப்புதான் என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தான். வாய் வரை வந்தது.

"அக்கா," என்றான்.

அவள் காகிதங்களைத் தட்டி ஒழுங்காக்கி, ஒரு பிரதியை அவனிடம் நீட்டினாள். அவன் முகத்தை நேராகப் பார்த்துத்தான் பேசினாள். குரலில் கோபம் இல்லை. கடைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் பேசும் அதே குரல்.

"தண்ணி மோட்டார் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போடுவேன். பிடிச்சு வெச்சுக்குங்க. கரண்ட்டுக்குத் தனி மீட்டர் வெச்சாச்சு, உங்களோடதை நீங்க கட்டிக்கலாம். வாடகை அஞ்சாம் தேதிக்குள்ள குடுத்துடுங்க."

மனைவிதான் திரும்பி வந்துவிட்டாளோ என்று அவன் பின்னால் பார்த்தான். யாரும் இல்லை. வாசல் திறந்து கிடந்தது, படிகள் காலியாக இருந்தன. அவள் தன்னிடம்தான் பேசினாள் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறந்த நாளிலிருந்து அவனுக்கு அவள் வாயில் 'டா'தான். கொஞ்சினாலும் டா, திட்டினாலும் டா, சாப்பிடக் கூப்பிட்டாலும் டா. அவனுடைய கல்யாணத்தில் அத்தனை பேர் நடுவிலும் டா என்றுதான் கூப்பிட்டாள், மாமனார் வீட்டார் சிரிக்கச் சிரிக்க. அன்று அவனுக்கு அது அவமானமாக இருந்தது.

அவள் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.

"சரிங்க," என்றான்.